பாதி வெட்டு

நாற்பத்தி மூணாம் மரத்தில்
அவளுக்க கத்தி நின்றது.
எனக்குச் சத்தத்தில் தெரியும்.
பட்டையில் இறங்கிய கத்தி
சரிவின் அடிவரை போய்த்தான் நிற்கும்.
இருபத்தி ரெண்டு வருஷத்தில்
றோஸ்லெட் ஒரு மரத்தையும்
பாதி வெட்டில் விட்டதில்லை,
மழை பிடித்தபோதும்,
வயிற்றில் ஏழு மாசம் இருந்தபோதும்.

களியலுக்கு மேலே, தை மாசம், மணி நாலே கால்.
மூச்சு புகையாய்த் தெரிகிற குளிர்.
நெற்றியில் கட்டிய லைட்டை
அவள் முகத்துக்குத் திருப்பினேன்.
குளித்து வந்தவள் மாதிரி இருந்தாள்.

"வாயுதான். நேற்றைக்க மரச்சீனி.
முதுகு கடுக்குது, தாடையும்.
பல்லுக்க வேரெல்லாம் வலி.
நீரு போய் வெட்டும், நான் இப்ப வாறேன்."

நெஞ்சு நோவு என்று அவள் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எனக்கு எளிது.
சினிமாவில் பார்த்திருக்கிறேன்,
இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு
ஆண்கள் சரிவதை.
எங்கள் வீட்டில் சரிய வேண்டியவன் நான் என்றுதான்
எல்லோருக்கும் கணக்கு.
பிரஷர் எனக்கு, பீடி எனக்கு,
கருவாட்டில் தலைப்பங்கும் எனக்கு.

இஞ்சி இடித்துத் தரவா என்று
நாக்கு நுனிவரை வந்தது.
வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.
ஒரு சோடா, ஒரு தைலம், கொஞ்சம் கிடந்தால் சரியாகும்.
ஆனால் அந்தப் பாதி வெட்டு.
வெளிச்சத்தில் பால் பாதி தூரம் வந்து
சால் காணாமல்
பட்டையில் தாறுமாறாய் ஒழுகியது.

"ரோட்டுக்கு நடப்போம்" என்றாள்.
"ஒரு அடி வைக்காதே" என்றேன்,
ஏன் என்று தெரியாமலே.
மரத்தில் சாய்த்து உட்காரவைத்து,
முட்டுக்கு அடியில் சாக்கை மடித்து வைத்து,
பக்கத்து நிரையில் வெட்டிய லில்லிபாயைக் கூவி
அவளுக்கு அருகே நிறுத்திவிட்டு
குருசடிப் பாறைக்கு ஓடினேன்.
அங்கேதான் போனுக்கு ரெண்டு கோடு வரும்.

நூற்றெட்டில் ஒரு பெண்குரல்.
வியர்க்கிறதா? ஆம்.
வயிற்றுப் புண், ரத்தக் கசிவு,
மாத்திரை எதுவும் ஒத்துக்கொள்ளாமை? இல்லை, இல்லை.
ஆஸ்பிரின் இருக்கிறதா?

இருந்தது. அவளுக்க பையில்.
சுகாதார நிலையத்தில் எனக்குத் தந்தது.
நான் தின்னாததை ஒரு வருஷமாய்
சோற்றுப் பாத்திரத்தோடு கட்டி எடுத்து வருவாள்,
இன்றைக்காவது போடும், என்று.
விழுங்க வேண்டாம், மெல்லச் சொல்லுங்கள் என்றது குரல்.
ஓடி வந்து கொடுத்தேன்.
எனக்க மாத்திரையை அவள் மென்றாள்.
கசக்குது என்று முகம் சுளித்தாள்.
ஆம்புலன்ஸ் வரும்வரை
அந்தச் சுளிப்பையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாகர்கோயிலில் டாக்டர் படம் வரைந்து காட்டினார்.
எனக்குப் படம் வேண்டியிருக்கவில்லை.
சாலில் ஒட்டுப்பால் காய்ந்து கிடந்தால்
பால் இறங்காது என்று
எந்த வெட்டுகாரனுக்கும் தெரியும்.
மணிக்கட்டு வழியே கம்பி விட்டு
அவர் வழி திறந்தார்.
பெண்களுக்கு இப்படியும் வரும் என்றார்.
வாயு என்று படுத்தவர்களைப் பற்றி
ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினார்.

பிறகு கேட்டார்,
"வீட்டில் யாராவது புகைப்பதுண்டா?"
நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
ஒற்றை முறி வீடு. இருபத்தி ரெண்டு வருஷம்.
எனக்க பீடியை
ரெண்டு பேர் இழுத்திருக்கிறோம்.

கண் விழித்ததும் அவள் கேட்டது:
"அந்த மரத்தை முடிச்சீரா?"
முடித்தேன் என்றேன்.

பதினோராம் நாள்தான் தோட்டத்துக்குப் போனேன்,
மாத்திரையை விழுங்கிவிட்டு.
பீடி நாலாய்க் குறைந்திருக்கிறது.
இன்னும் நாலு.
நாற்பத்தி ரெண்டு வரை வெட்டினேன்.
அடுத்ததில் பால்
கறுத்து உறைந்து கிடந்தது.
கத்தி வைக்கவில்லை.
அதுக்க சிரட்டையை மட்டும்
கவிழ்த்து வைத்துவிட்டு
நாற்பத்தி நாலுக்குப் போனேன்.