காலிக் கட்டம்

ரியோனி ஆற்றில், போத்திக்கு மேலே,
நாளுக்கொரு புட்டி மொண்டு, வடிகட்டி,
வண்டலை உலர்த்தி நிறுத்தவர் கோச்சா.
பதினொரு வருடப் பேரேடு.
ஒரு மார்ச்சில் மட்டும் எடை இல்லை:
‘படகு போய்விட்டது.’

லம்சீராவுக்கு வேண்டியது ஒற்றை எண்.
இருபது லட்சம் ஆண்டுகளாக
மலை கடலுக்குக் கொடுத்தது, ஆண்டுச் சராசரியாக.
கணினியில் படுகை
வெறும் குழியாகக் காத்திருக்கிறது.

எழுதிய நாட்களையெல்லாம் கூட்டினாள்.
எழுதாத அந்த நாளுக்கு முன்னால்
அது ஒரு கைப்பிடி.
சரிவு, மழை, பாறையின் மென்மை எல்லாம் போட்டு
சூத்திரம் ஒரு விடை தந்தது,
பிழையும் ஏறக்குறைய விடையளவே.

தொலைபேசியில் கேட்டாள்:
அன்றைக்கு எவ்வளவு கலங்கல்?

இருமல். பிறகு:
"எதிர்க்கரை மக்காச்சோளக் கொல்லை
கதிரோடு, நின்றபடியே போனது.
அதை எந்தப் புட்டியில் மொள்ள?"