கொசுறு

கணக்கில் இல்லாத ஒரு கிராம்கூட
வாலப்ஸ் தீவிலிருந்து மேலே போகாது.
வடிகட்டிக்கு ஒரு பம்பு, மாற்றுச் சட்டைகள்,
பற்பசை, கடுகு விதை,
நுரைப்பஞ்சில் குழி வெட்டிப் பதித்த ஆப்பிள்கள்.
நிலையத்தில் ஏழு பேர். ஏழு ஆப்பிள்.
எட்டாவதுக்குப் படிவம் இல்லை.

பையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச்
சும்மா திணித்து அனுப்பும் கடைகளில்
காய் வாங்கிப் பழகிய கை எனக்கு.
எடை போட்டு முடித்த பிறகும்
தராசின் மேலேயே கொஞ்சம் நிற்கும்.
"என்ன தேடுகிறாய்?" என்றான் டார்னெல்.
கொசுறு என்றால் என்னவென்று விளக்க
ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை.
கடைக்காரனுக்கு நட்டம்தானே?
நட்டம்தான். ஆனால் மறுபடி அங்கேதானே போவாய்.
அவன் யோசித்தான்.
"இந்தக் கப்பல் மறுபடி வராதே."

வராது.
ஓட்டுநர் இருக்கை இல்லை, சன்னல் இல்லை,
இறங்கும் சக்கரம் இல்லை.
மூன்று மாதம் அங்கே ஒட்டிக்கிடந்து
காலிப் பைகள், உடுத்திக் கழித்த துணி,
இறுக மூடிய மலப்பெட்டிகள்
எல்லாவற்றையும் வயிற்றில் வாங்கிக்கொண்டு
பசிபிக் கடலுக்கு மேலே எரிந்துவிடும்.
அந்தப் பட்டியலுக்கும் ஓர் எண் உண்டு.

ஏவுவதற்கு நான்கு நிமிடம் இருக்கும்போது
தடுத்த கடலுக்குள் ஒரு படகு.
மீன் பிடிக்க வந்தவன்,
ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான்.
எண்ணிக்கை நின்றது. மறுநாள் காற்று. அதற்கு மறுநாளும்.
மூக்கைத் திறந்து பழங்களை மாற்றச் சொன்னார்கள்.

கழித்த ஏழுக்கும் டார்னெல் கையெழுத்திட்டான்.
வண்டி நிறுத்துமிடத்தில் கொசு அடித்தபடி
ஆளுக்கு மூன்று தின்றோம்.
விண்ணுக்குப் போக இருந்த ஆப்பிள்
கொஞ்சம் மாவாக இருந்தது, அவ்வளவுதான்.
ஏழாவதைத் தூக்கி என் பக்கம் எறிந்தான்:
"கோசூரூ!"

சிங்கோட்டீக் படகுத்துறையில் அன்றிரவு
முதலில் வெளிச்சம்.
சதுப்பில் மேய்ந்த குதிரைகள்
முழங்கால் நீரில் தங்கள் நிழலைப் பார்த்தன.
இருபத்தைந்து எண்ணினேன். பிறகுதான் சத்தம்,
மார்பெலும்புக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல.
பக்கத்தில் நின்ற சிறுவன் அழுதான்,
அவன் அப்பா ஐஸ்கிரீமைக் கீழே விட்டார்.

மூன்றாம் நாள் நிலையத்தின் கை அதைப் பிடித்தது.
பட்டையை அறுத்த பெண்ணிடமிருந்து
ஓர் ஆப்பிள் நழுவிச் சுழன்றது.
அவள் பிடிக்க அவசரப்படவில்லை.

நவம்பரில் ஒரு காலை
இரண்டு வரி மின்னஞ்சல்:
நுழைந்தது. முடிந்தது.
படம் எதுவும் இல்லை, பார்த்தவரும் இல்லை.

அடுத்த கப்பலுக்கான சாக்ஸ்கள் மேசையில் காத்திருந்தன.
தராசு பூஜ்யம் காட்டியது.
கையுறையைக் கழற்றி
உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன்.
எண்கள் ஓடி, தயங்கி, நின்றன.

எழுதிக்கொள்ளவில்லை.