நாலு தட்டு

தெக்வென் சாவியைத் திருப்பியதும் முதல் வேலை
திரையில் நாலு தட்டுத் தட்டி
தடம் காக்கும் உதவியின் வாயை அடைப்பது.
"என் கைக்குள் இன்னொரு கை எதற்கு?"

வேல்ஸின் மலைச்சாலையில் ஏது தடம்?
ஒரு வண்டி அகலம், இருபுறமும் கல்மதில்,
மூன்றாவது கியரில் உறுமி இறங்கும்
சிவப்புக் குட்டிக் கார்.

நவம்பர். மூடுபனி.
வளைவு முடிகிற இடத்தில்
நனைந்த கம்பளியோடு ஓர் ஆடு,
அசைபோட்டபடி.

அவள் கால் போகுமுன்னே
பிரேக் தானாய் விழுந்தது.
அதை அணைக்க ஏனோ தோன்றியதில்லை.

வண்டிக்குப் பிரேக் தெரியும்,
கிளட்ச் தெரியாது.
இடது கால் வந்துசேர்வதற்குள்
ஒரு குலுக்கல்,
எஞ்சின் செத்தது.

வைப்பர் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.
ஆடு ஒருதரம் பார்த்துவிட்டு
மெல்லப் போயிற்று.

மறுபடி சாவி.
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலாவதையும் தட்டினாள்,
சற்று நேரம் கழித்து.