மீதி

கல்முனையில் பஸ் படுத்துவிட்டது.
கிளட்ச் தட்டு வர ரெண்டு மணித்தியாலம் என்றான் தவநேசன்.
எதிர் மண்டபத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அதற்காகத்தான் உள்ளே போனேன்.
பெரிய காரணம் எதையும் என்னிடம் தேடாதீர்கள்.

ரிஸ்மினா என்ற பிள்ளை,
முகக்கவசத்துக்கு மேலே களைத்த கண்கள்,
பஞ்சுக் குச்சியைக் கன்னத்துக்குள் விட்டு
போத்தல் கழுவுவது போல உருட்டினாள்.
"ரத்தம் எடுக்கிறல்லையா?"
"இப்ப இல்ல. பொருந்தினா மட்டும்."
"ஆருக்கு?"
"அது எங்களுக்கும் தெரியா."

எங்கள் பக்கம் கலியாணம் பேச வந்தால்
முதற்கேள்வி, என்ன குடி.
தாயின் வயிற்றால் இறங்கிவரும் பெயர் அது,
தகப்பன் அதில் வந்துபோகிற ஆள்.
இந்தக் கணக்கு வேறாம்.
தாயில் பாதி, தகப்பனில் பாதி.
கூடப்பிறந்தவருக்கும் நாலில் ஒன்றுதான் வாய்ப்பு.
மற்றவர்கள் எல்லாம்
முன்பின் தெரியாதவரின் எலும்புக்குள்
தங்கள் மச்சையைத் தேடவேண்டும்.
படிவத்தில் இனம் என்று ஒரு கட்டம் இருந்தது.
"தேட லேசாகும்" என்றாள், என் பேனை நின்றதைப் பார்த்து.
நிரப்பினேன்.

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும்
ஏறுகிற தரிப்பை வைத்தே ஆள் ஆரென்று சொல்வேன்.
காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி,
மருதமுனை, பாண்டிருப்பு.
பதினொரு வருசப் பழக்கம். நல்ல பழக்கமா, தெரியாது.

எட்டு மாதம் கழித்துக்
குருக்கள்மடத்தில் தொலைபேசி வந்தது.
பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
"ஒருவேளை... பொருந்தலாம்..."
"என்ன? சத்தமாச் சொல்லுங்க!"
முழு பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

பெரியாஸ்பத்திரியில் குழாய் குழாயாக ரத்தம் எடுத்தார்கள்.
"சின்னப் பிள்ளையா, பெரிய ஆளா?"
"சொல்லக்கூடாது."
யோகமலர் இரவு முழுக்க என் இடுப்பெலும்பைத் தடவினாள்.
"இதுக்குள்ளயா ஊசி விடுவாங்க?
மறுகா நிண்டு டிக்கெட் வெட்ட ஏலுமா உங்களுக்கு?"
ஏலும் என்றேன்.
எனக்கும் பயம்தான்.

வெற்றிலையை விட்டேன்.
மழையில் நனையாமல் நடந்தேன்.
பிறத்தியாரின் சாமானை வீட்டில் வைத்திருப்பவன்
கதவை ரெண்டுதரம் பூட்டிப் பார்ப்பதுபோல.
தொப்பி போட்ட மெலிந்த பிள்ளை ஏறினால்
நீயா என்றிருக்கும்.
மிதிபலகையில் மூச்சு வாங்கியபடி நிற்கும் மனுசி, நீங்களா?
ஐந்தூரு தாண்டினால் முழு பஸ்ஸிலும்
ஆரை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம்.
அந்த மூன்று கிழமையும்
தரிப்பைப் பார்த்து ஆளைச் சொல்ல
எனக்கு வரவேயில்லை.
சில்லறை இல்லாதவனைக்கூட ஏசவில்லை.
தவநேசன் எனக்குக் காய்ச்சலோ என்று கேட்டான்.

பிறகு ஒரு வியாழக்கிழமை.
"இப்போதைக்குத் தேவையில்லை.
உங்கட பேர் பட்டியலில இருக்கும்."
"வேற ஆள் கிடைச்சிட்டாங்களா? இல்லாட்டி..."
அந்த 'இல்லாட்டி'யை நான் முடிக்கவில்லை.
"அது சொல்லக்கூடாது."
இந்த முறை மெதுவாகச் சொன்னாள்.
ரிஸ்மினாவின் குரல்தானா அது?
கேட்கத் தோன்றவில்லை.

யோகமலர் பெருமூச்சு விட்டாள்,
விட்டதற்காக உடனே வாயைப் பொத்தினாள்.
நான் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

காரைதீவு தாண்டி நல்ல சனம்.
சாம்பல் நிறக் குடையோடு ஒரு பெண்
ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டினாள்.
சில்லறை இல்லை.
டிக்கெட்டின் முதுகில் முந்நூற்றிருபது என்று எழுதி
இறங்கேக்க வாங்குங்க என்றேன்.
ஒலுவிலில் இறங்கினாள், வாங்காமல்.
மிதிபலகையில் தொங்கிக் கூப்பிட்டேன்,
அக்கா, ஏய் அக்கா, உங்கட மீதி!
குடை திரும்பவில்லை.
தவநேசன் கண்ணாடியில் பார்த்தான்,
பிறகு கியரைப் போட்டான்.

அந்தக் காசைத் தனியாக
மேற்சட்டையின் இடப்பக்கப் பையில் வைத்திருக்கிறேன்.
அந்தத் தரிப்பு வரும்போது
கொஞ்சம் வெளியே எட்டிப் பார்ப்பேன்.