பதினேழாம் இலக்கம்

நிலத்திலிருந்து ஐம்பது சென்ரிமீற்றர் உயரத்தில்
ஒரு சிலுவை.
இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு.
இரண்டுக்கு இல்லை.
நடுவில் சுண்டெலியை விட்டுவிட்டு
ஐந்து நிமிடம் எண்ணுவது என் வேலை.

திருநெல்வேலி. பீடத்தின் பின்கட்டிடம். ஏசி பழுது.
மதிலுக்கு அப்பால் யாரோ
லான்ட்மாஸ்ரரை முடுக்கிப் பார்க்கிறார்கள்.
அது இருமும்போதெல்லாம்
எலி சுவரோடு ஒட்டுகிறது.
நானும்.

நிவேதனா மிஸ் சொல்லுவா:
நரம்புக்குச் சோறு போடுற புரதம் ஒண்டு இருக்கு.
குறைஞ்சால் கலம் உடனே சாகாது,
கிளை விடுறதை நிப்பாட்டும்.
பழைய பயத்துக்கு மேலால
'இப்ப ஒண்டுமில்லை' எண்டு எழுத
மை காணாது.

எங்கள் பேச்சில் ஏக்கம் என்றால் ஆசை அல்ல.
வெடிச்சத்தத்தில் பிள்ளை ஏங்கிப்போச்சு என்றால்
விறைத்துப்போச்சு என்று பொருள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
பதகளிப்பு என்று எழுதி
நொடிகளை நிரப்புகிறேன்.

பதினேழாம் இலக்கம்
வெறுங்கையில் நாற்பத்தொரு நொடி நின்றது.
விளிம்புக்கு வெளியே தலையை நீட்டி
கீழே என்ன என்று பார்த்தது.
என்னையறியாமல் கைதட்டப் போனேன்.

மறுநாள் அதன் மூளைக்குள் சுருண்டிருந்த
கடற்குதிரையை எடுத்து
ஐசில் வைத்தேன்.
தட்டிலே நிறம் ஏறியது.
எல்லாவற்றிலும் குறைவு அதற்குத்தான்.

திரும்பவும் அளந்தேன். குறைவுதான்.
'ஒரு எலி ஒரு எலிதான் சுலக்சனா,
சராசரியிலை கரைஞ்சிடும்' என்றா மிஸ்.
எனக்குக் கரையவில்லை.

வீட்டுக்காரர்
கலியாண மண்டபங்களில்
சுவரோரக் கதிரைதான் தேடுவார்.
பண்ணைப் பாலம் தொடங்கும் இடத்தில்
மோட்டார்சைக்கிளைத் திருப்பிவிடுவார்.
இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒன்றுமில்லை.
வேலணையிலிருந்து அவருடைய அக்காதான்
ஒவ்வொரு வருசமும் எங்களிடம் வருவா.
ஏன் என்று நான் கேட்டதில்லை.
அளக்கத் தெரியும், கேட்கத் தெரியாது.

போன ஞாயிறு
அவர் திருப்பவில்லை.
பாதி வழியில் நிறுத்தி
ஹெல்மெற்றைக் கழற்றி
கல் அணைக்கு வெளியே
தலையை நீட்டிப் பார்த்தார்.

ஒன்று, இரண்டு என்று
எண்ணத் தொடங்கிவிட்டேன்.
ஏழில் நிறுத்தினேன்.

முழங்கால் தண்ணீரில்
வலை இழுத்துக்கொண்டு நின்றவர் கேட்டார்:
'என்ன அண்ணை, சைக்கிள் பழுதோ?'