நான்கெல்லை

இரணியலில் பதிவாபீசுக்கு எதிரே
ஆதாரம் எழுதும் கடையில் தட்டச்சு செய்கிறேன்.
பதினோரு வருஷமாக அடுத்தவர் நிலத்துக்கு
நான்கெல்லை வைத்தவள்.
யாதொரு வில்லங்கமும் இல்லை என்ற வரியை
கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

ஆனாலும் திங்கள்சந்தையில்
ஹெப்சிபாய் மேடத்தின் காப்பகத்தில்
மகனைச் சேர்த்த அன்று
பாரத்தை வாசிக்காமல் ஒப்பு போட்டேன்.
மழை. இடுப்பில் பிள்ளை. பத்து மணிக்கு முதல் டோக்கன்.
பேனாவை அவர்களே தந்தார்கள்.
நல்ல பேனா, வழுக்கிக்கொண்டு போனது.

பிரிவு ஒன்பது:
நிறுத்துவதாயின் முப்பது நாள் முன்னறிவிப்பு,
இல்லையேல் ஒரு மாதக் கட்டணம்
ரூபாய் மூவாயிரத்து எண்ணூறு.

எனக்கு வந்த முன்னறிவிப்புகளும் உண்டு.
ஜூனில் வேறொரு பிள்ளையின் நிக்கரில் வந்தான்.
"நிக்கர்தானே மாறிச்சு, பிள்ளை மாறல்லியே" என்று சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன். அதையும் கணக்கில் எழுத வேண்டும்.
ஜூலையில் கட்டிக்கொடுத்த சோறு கட்டினபடியே திரும்பியது,
நோட்டில் ‘நன்றாகச் சாப்பிட்டான்.’
பிறகு அந்த வியாழக்கிழமை.
காலையில் ஒட்டுப்பட்டி கிழிந்துபோய்
கடை செலோடேப்பால் நான் ஒட்டி அனுப்பிய டயப்பர்,
சாயங்காலமும் அதே டேப்.

ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
வடக்கே தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே,
கிழக்கும் மேற்கும் தொடையிடுக்கு,
தெற்கே தேங்காயெண்ணெய் பட்டதும் அவன் அலறிய இடம்.
இந்நான்கெல்லைக்கு உட்பட்ட சிவப்பு.
அளவு எழுதவில்லை.

மறுநாள் முதல் அனுப்பவில்லை.
அவர்கள் அனுப்பினார்கள்:
வாட்ஸ்அப்பில் ஒரு பில், கீழே கும்பிடும் கைகள்.
கட்டினால்தான் பாயும் எவர்சில்வர் டம்ளரும்
தடுப்பூசி அட்டையும் கிடைக்குமாம்.
பாய் போகட்டும்.
டம்ளர் கல்யாணத்துக்கு வந்தது, அதுவும் போகட்டும்.
அட்டை?

லீவு சொல்லிவிட்டு அவனையும் தூக்கிக்கொண்டு போனேன்.
மேடம் பாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.
"ஒங்களுக்க ஒப்புதானே?"
"எனக்க ஒப்புதான்."
"பொறவு என்ன?"

நான் ஒரு தாள் கொண்டு போயிருந்தேன்.
களிம்பு நூற்றெண்பத்தைந்து, டாக்டருக்கு இருநூறு,
அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பூட்டிப்போட்ட ஆறு நாள்,
மாதம் நாற்பது டயப்பர், எங்கே போனதென்று தெரியாதது.
குரல் நடுங்காமலிருக்க
தட்டச்சு செய்யும் வேகத்திலேயே வாசித்தேன்.
"ஒம்பதாம் பிரிவு சரி மேடம். மூணில
கவனமாப் பாத்துக்கிடுவோம்னு எழுதியிருக்கு.
அதை நிறுத்தினதுக்கு எத்தனை நாள் நோட்டீசு தந்திய?"

வாசலில் பிள்ளையை விட வந்த ஒருத்தி
செருப்பைத் தேடுவதுபோல நின்று கேட்டாள்.
பிறகு பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போனாள்.
பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

கடைசியில் ஆயிரத்து ஐந்நூறில் முடிந்தது.
ஏன் ஐந்நூறு, ஏன் ஆயிரம், இரண்டு பேருக்கும் தெரியாது.
ரசீதில் ‘இனி பாக்கியில்லை’ என்று எழுதச் சொன்னேன்,
எழுத்துப்பிழையோடு எழுதினார், திருத்தச் சொன்னேன்.
அட்டை வந்தது. போலியோ கட்டத்தின் மேல்
பச்சைக் கிரேயானில் யாரோ வளையம் வளையமாகச் சுற்றியிருந்தார்கள்.

படியிறங்கும்போது தங்கபாய் அக்கா
ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்தாள்.
நாள் முழுக்க அவனைப் பார்த்தவள்,
அல்லது பார்க்காதவள்.
என் தோளிலிருந்து அவன் அவளிடம் தாவினான்.
தாவினான்.
என் தாளில் அப்படியொரு வரி இல்லை.

"பத்தொம்பது பிள்ளையளுக்கு நான் ஒருத்தி மக்களே,"
என்றாள், உள்பக்கம் பார்த்துக்கொண்டு.
"நானும் நிக்கப்போறேன்னு சொல்லியாச்சு.
ஒரு மாசம் முழுசா வரணுமாம்,
இல்லேன்னா சம்பளம் கெடையாதாம்.
இன்னும் பதினேழு நாள் கெடக்கு."

அவள் கம்மலைப் பிடித்திருந்த அவன் விரல்களை
ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.