சட்டத்துக்குள் போன எழுத்து

ஒஸ்லோவிலிருந்து தம்பி அனுப்பிய பொதியில்
கடிதம் இல்லை.
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கறுப்புக் குச்சி,
அதற்கொரு ரிமோட்.
மனையாவெளிக் காணிக் கதைக்குப் பிறகு
இரண்டு வருசத்தில் அவன் சொன்னது இவ்வளவுதான்.

எங்கள் ரீவி இருபத்தொரு அங்குலம்,
பின்பக்கம் ஏழுமாத வயிறு.
துடைக்கப் போனால் கைமயிர் எழும்பும்.
திருக்கடலூரில் கடல் வீட்டுக்குள் வந்த மார்கழி
அது அடகுக்கடையில் இருந்தது;
மீட்க வக்கில்லாததால் பிழைத்த ஒரே சாமான்.
குச்சி செருக அதற்கு வாயில்லை.
மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டை,
அதிலும் சிவப்பைக் குளவி
எப்போதோ மண்வைத்து அடைத்துவிட்டது.

ஏகாம்பரம் வீதியில் ஜெசூலியின் கடை.
"இதுக்கொரு மாத்துப்பெட்டி இருக்கு,
ரெண்டாயிரத்து நூறு.
புது ரீவியே தவணைக்குத் தரலாமே?"
"பழசு இன்னும் சாகேல்ல" என்றேன்.
சிரித்துவிட்டு ஒரு வயரைச் சும்மா தந்தார்.

சிறில் மேசைக்குப் பின்னால் படுத்துச் செருகினான்.
படம் வந்தது, கறுப்பு வெள்ளையாய்.
மாத்துப்பெட்டியின் விலாவில் ஒரு குட்டிச் சுவிச்;
தாலிக்கொடியில் கிடந்த ஊசியால் தட்டிவிட்டேன்.
திரை ஒருமுறை துள்ளி, நிறம் பிடித்தது.
அகலப் படம் சதுரக் கண்ணாடிக்குள் நெருக்குப்பட்டு
எல்லா மனிதரும்
மூதூர் பஸ்ஸில் ஒருக்களித்து நிற்பவர்போல
நெடுத்து மெலிந்து போனார்கள்.

பிறகுதான் அந்தக் குறியீடு.
வலது மூலையில் ஆறு ஆங்கில எழுத்து.
அதைப் போனில் அடித்தால் குச்சி திறக்கும்.
பதினைந்து நிமிசம் தவணை.
எட்டா, பீயா?
பூச்சியமா, ஓவா?
பழைய குழாய்க்குச் சின்ன எழுத்தென்றால்
ஈரத்தாளில் பேனை மை.
சிறில் தன் கண்ணாடியைப் போட்டான், கழற்றினான்,
என்னுடையதை வாங்கிப் போட்டான்.
ஐந்தைப் பிடித்தோம். ஆறாவது
சட்டத்துக்குள் போய்விட்டது.

காணி உறுதியிலும் இப்படித்தான்.
கிழக்கெல்லை எழுதிய வரி
மடிப்பிலே தேய்ந்து கிடந்தது.
வேலி அங்கே என்றான் அவன்,
இங்கே என்றேன் நான்.
இரண்டு கையாலும் சாப்பிட்டவர் சட்டத்தரணி.

சுவரோடு கன்னத்தை ஒட்டி
இடப்பக்கமிருந்து எட்டிப் பார்த்தேன்.
கண்ணாடியின் வளைவு சட்டத்துக்கடியில்
இன்னும் கொஞ்சத்தூரம் போகிறது,
யாருக்கும் காட்டாமல்.
அங்கே பாதி எழுத்து, ஒரு பிறை.
"சீ" என்றேன். இல்லை.
"ஓ." இல்லை.
"ஜீ" என்று வாயெடுக்க முன்
தவணை முடிந்து வேறு ஆறெழுத்து வந்தது.
மறுபடி சுவர், மறுபடி கன்னம்.
இம்முறை ஒரு நேர்கோடு மட்டும்.
கே, எல், எச்.
எச்சில் திறந்தது.
சிறில் தொடையில் அடித்துக்கொண்டான்,
கோல் போட்டவன்போல.

யார் பார்க்கிறீர்கள் என்று திரை கேட்டது.
வட்ட வட்டமாய் முகங்கள்:
தம்பி, மச்சாள்,
நான் இன்னும் தூக்கிப் பாராத பெடியள் இரண்டு.
ஐந்தாவது வட்டம் பாதிதான் தெரிந்தது.
கீழே தமிழில் "அக்".
மிச்சம் சட்டத்துக்குள்.

"சுவருக்குப் போகேல்லயா?" என்றான் சிறில்.
"தேவையில்ல."

யாரோ கேக் சுடுவதை ஒருமணி பார்த்தோம்.
கீழே ஓடிய எழுத்தெல்லாம் இடுப்போடு வெட்டுப்பட்டதால்
என்ன மா, எத்தனை முட்டை,
ஒன்றும் விளங்கவில்லை.
டேட்டா தீர்ந்த இடத்தில் நித்திரையாகிவிட்டோம்.

விடிய, படலையடியில் சத்தம்.
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று
குப்பைக்கு வைத்த மட்டைப்பெட்டியை
நிதானமாய் மென்றுகொண்டு நின்றது,
அனுப்பினவர் விலாசம் இருந்த பக்கம்.
அது இழுக்க, நான் இழுக்க,
எனக்குக் கிடைத்தது வீட்டிலக்கமும்
தெருப்பெயரில் நாலெழுத்தும்.
எச்சில் ஈரம் காயட்டுமென்று
ரீவிக்கு மேலே வைத்தேன்.
சிறில் அணைக்க மறந்த பெட்டி,
இன்னும் சூடாயிருந்தது.